அந்த 110/70 பற்றி: புதிதாகப் பணியில் சேரும் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தாலுகா மருத்துவமனைகளுக்கும் புதிதாகப் போஸ்டிங் ஆகி வருகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் 22 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். அதில் பாதிக்கு மேல் பிரசவ அறையிலும் கர்ப்பிணிகள் வார்டிலும் போனது. உங்களில் பல பேருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். கர்ப்பிணிக்குப் பிபி பார்க்கும்போது, காதில் கேட்டதை மட்டும் அட்டையில் எழுதுங்கள். சரியாகக் கேட்கவில்லையென்றால் திரும்பப் பாருங்கள். அதற்கும் நேரம் இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் அடுத்து வருகிறவர் பிபி மெஷினை எடுப்பார். எல்லாம் சரி என்று சொல்கிற 110/70 எழுதியிருந்தால் எடுக்க மாட்டார்.

இதைச் சொல்ல ஒரு மடலா என்று தோன்றலாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பல வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் கர்ப்பிணிகள் நாள். அன்றைக்கு 70 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பிபி பார்க்க நான் ஒருத்தி, மெஷின் ஒன்று. கையில் சுற்றுகிற அதன் பட்டையான கஃப்பில் வெல்க்ரோ தேய்ந்துபோய், காற்றை ஏற்றினால் பிரிந்து வரும். ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஏற்றவேண்டும். அந்த வரிசையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். 21 வயது, தலைச்சன் பிள்ளை, ஏழாம் மாதம். முந்தின வாரம்தான் புகுந்த வீட்டில் வளைகாப்பு முடிந்து, எங்கள் ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அட்டையை வாங்கிப் பார்த்தேன். அந்த ஊரில் கடைசி இரண்டு முறை பார்த்த பிபி 110/70, 110/70. கஃப்பைக் கட்டி, ஸ்டெத்தை வைத்து, காற்றை இறக்கினேன். அவள் கை லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. காதில் விழுந்ததெல்லாம் வளையல் சத்தம். பக்கத்தில் ஒரு பாட்டி டோக்கன் போட்டுத் தரச் சொல்லி என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் அட்டையை மறுபடி ஒரு தடவை பார்த்தேன். மேலே இரண்டு முறை இருந்ததையே கீழே எழுதினேன். மூன்றாவது 110/70 என் கையெழுத்து.

ஒன்பது நாள் கழித்து, ராத்திரி பதினொன்றரை மணிக்கு அவளை ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். நைட் டியூட்டியில் நானும் ஒரு பணியாளர் அக்காவும்தான். மேல்வயிற்றில் வலி, மூன்று தடவை வாந்தி. "மத்தியானம் பலாச்சுளை நாலு அஞ்சு தின்னுட்டா சிஸ்டர், அதான் ஒத்துக்கல" என்றார் அவள் அம்மா. வயிற்றெரிச்சலுக்கு ஒரு மருந்தைக் கொடுத்துப் படுக்க வைக்க என் கை அலமாரிப் பக்கம் போனது. அவள் முகத்தைப் பார்த்ததால்தான் நின்றேன். கண் இமை இரண்டும் அதைத்து, ஒன்பது நாளில் வேறு ஆளாக இருந்தாள். பிபி பார்த்தேன். 170/110. கை மாற்றிப் பார்த்தேன், அதேதான். சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்க்கிற ஸ்டிரிப் அப்போதெல்லாம் எப்போதும் கிடைக்காது; சோதனைக் குழாயில் சிறுநீரை முக்கால் அளவு எடுத்து, மேல் பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். காட்டின நொடியில் மேல்பாதி வடித்த கஞ்சி மாதிரி வெள்ளையாகத் திரண்டுவிட்டது. அசிட்டிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டும் தெளியவில்லை, புரதம்தான். டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு வருவதற்குள் ஜன்னி, அதாவது பிபி ஏறி வருகிற வலிப்பு, வந்துவிட்டது.

பக்கவாட்டில் இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, வாயைச் சக்‌ஷன் செய்து, ஆக்சிஜன் வைத்தோம். அவள் அம்மா சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார். அதைத் தடுத்துச் சண்டை போட எனக்கு நேரமில்லை, தேவையும் இல்லை. வாயில் கரண்டியைக் கொடுக்கவந்த ஆட்டோக்காரரை மட்டும் தடுத்தேன். பல் உடைந்து தொண்டைக்குப் போனால் அது வேறு ஆபத்து. வலிப்பை அடக்குகிற மெக்னீசியம் முதல் டோஸ் போட்டு, 108 வந்து, சிக்கலான பிரசவங்களைப் பார்க்கிற சீமாங்க் மையத்துக்கு அனுப்பினோம். ராத்திரியே சிசேரியன். அவள் பிழைத்தாள். குழந்தை நாலு நாள் இருந்தது.

அந்த ஒன்பது நாளை நான் எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமையே பிபி உயர்வாக இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. அட்டையில் எல்லாம் சரியாக இருந்ததே! அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

சரி, ஏன் அப்படி எழுதுகிறோம்? கூட்டம், மெஷின் எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, அதை நாம் வெளியே பேசுவதில்லை. 148/96 என்று எழுதினால் வேலை ஆரம்பமாகும். கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும், யூரின் பார்க்கவேண்டும், டாக்டரிடம் காட்டவேண்டும், வீட்டாருக்கு விளக்கவேண்டும். "மேலே அனுப்புறீங்களா? நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்தா?" என்று மாமியார் கேட்பார். அனுப்பின இடத்தில் பிபி இறங்கியிருந்தால் "இதுக்கெல்லாமா ரெஃபர் பண்ணுவீங்க" என்று போனில் ஒரு ஏச்சு வரும். நானும் வாங்கியிருக்கிறேன், நீங்களும் வாங்குவீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஏச்சு சாயந்தரத்துக்குள் மறந்துபோகும்.

இதை மேலதிகாரிகள் யாராவது படித்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது நம் மாநிலம். ஒவ்வொரு தாய் மரணத்தையும் உட்கார்ந்து விசாரிக்கிற வழக்கம் 1990களிலிருந்தே இங்கே இருக்கிறது. அதனால்தான் 2018–20 கணக்கில் நாடு முழுவதற்கும் ஒரு லட்சம் பிறப்புக்கு 97 தாய் மரணம் என்றிருந்தபோது தமிழ்நாட்டில் 54 என்று இருந்தது. அந்த விசாரணைக் கூட்டங்களில் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பீர்கள். அதே அட்டைகளை யாரும் சாகாத மாதத்திலும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். 40 கர்ப்பிணிகளுக்கும் ஒரே நாளில் 110/70 என்றால், அந்த நர்ஸைத் திட்டுவதற்கு முன்னால் அவளிடம் எத்தனை கஃப் இருக்கிறது, எத்தனை நாற்காலி இருக்கிறது என்று கேளுங்கள். அப்புறம், தப்பாக ரெஃபர் செய்ததற்காக யாரையும் அதட்டாதீர்கள். ஒரு தடவை அதட்டினால் அடுத்த பத்து பேரை அந்த நர்ஸ் அனுப்பமாட்டாள்.

இனி உங்களுக்கு. பிபி பார்ப்பது முதல் வருடத்திலேயே கற்றுக்கொடுத்த விஷயம். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் முதலில் கைவிடுவது அதைத்தான்.

நடந்து வந்தவளுக்கு உடனே கஃப் கட்டாதீர்கள். பஸ் இறங்கி, வெயிலில் நடந்து, வரிசையில் நின்று வந்திருப்பாள். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காரட்டும். ஸ்டூலில் உட்கார வைக்காதீர்கள், சாய்மானம் உள்ள நாற்காலி வேண்டும். கால் இரண்டும் தரையில் பதிந்திருக்கவேண்டும், கால்மேல் கால் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வரச் சொல்லுங்கள். எப்படியும் யூரின் சாம்பிள் வேண்டுமே. கை மேசைமேல், இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். கை தொங்கினால் பிபி கூடிக் காட்டும். ஜாக்கெட் கையைச் சுருட்டிவிட்டு இறுக்கமாகிற இடத்துக்குக் கீழே கட்டுவது நம் ஊரில் எல்லோரும் செய்வது. அதுவும் எண்ணை மாற்றும். தோள்வரை தளர்வாக இருக்கவேண்டும். பருமனான கைக்குச் சின்ன கஃப் கட்டினால் இல்லாத பிபி வரும், மெலிந்த கைக்குப் பெரிய கஃப் கட்டினால் இருக்கிற பிபி மறையும். நம்மிடம் பெரும்பாலும் ஒரே அளவுதான் இருக்கும். பெரிய கஃப் ஒன்று வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கிடைக்கிறவரைக்கும் மாதாமாதம் கேளுங்கள்.

முதலில் நாடியைத் தொட்டுக்கொண்டு காற்றை ஏற்றி, நாடி எங்கே மறைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு 30 மேலே ஏற்றி, ஸ்டெத்தை வைத்து, விநாடிக்கு இரண்டு என்ற கணக்கில் மெதுவாக இறக்குங்கள். முதல் 'டக்' மேல் எண். சத்தம் அடியோடு மறைகிற இடம் கீழ் எண். 1905இல் ரஷ்ய மருத்துவர் கோரோட்காஃப் இந்தச் சத்தங்களைப் பற்றிச் சொன்னதிலிருந்து முறை பெரிதாக மாறவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக நம்மைப் போன்றவர்களின் காதை நம்பித்தான் இது நடக்கிறது. ஊசி 136இல் நின்றால் 136 என்றே எழுதுங்கள். 130 என்றும் 140 என்றும் முழு எண்ணாக்காதீர்கள். அந்த ஆறுக்குள்தான் சில சமயம் எல்லாம் இருக்கிறது.

அவள் பேசக்கூடாது, நீங்களும் பேசக்கூடாது. இதுதான் ரொம்பக் கஷ்டம். ஒரு மாதக் கதையை நம்மிடம் சொல்லத்தான் வருகிறாள். கஃப்பை அவிழ்த்ததும் கேளுங்கள், முழுதாகக் கேளுங்கள். வளையல் நிறைய இருந்தால் கழற்றி அவள் மடியிலேயே வைக்கச் சொல்லுங்கள். வளைகாப்பு வளையலைக் கழற்றமாட்டேன் என்றால் மேலே ஒரு கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். சத்தம் நிற்கும்.

டிஜிட்டல் மெஷின் இருக்கிறதே என்பீர்கள். அது நல்லதுதான், வளையல் சத்தம் அதற்குக் கேட்காது. ஆனால் கடையில் விற்கிற எல்லா மெஷினும் கர்ப்பிணிகளிடம் சோதித்துப் பார்த்தவை இல்லை. ப்ரீ எக்லாம்சியா, அதாவது அந்த ஜன்னிக்கு முந்தின கட்டம், இருக்கிற பெண்களிடம் சில மெஷின்கள் குறைத்துக் காட்டும். அதனால் ஆளைப் பார்த்தால் ஒன்று, எண்ணைப் பார்த்தால் வேறொன்று என்று தோன்றினால் கையால் பாருங்கள்.

140/90, அல்லது இரண்டில் ஏதாவது ஒன்று அந்த அளவைத் தொட்டால், அது உயர்வு. 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக வந்து, கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதமோ, வேறு உறுப்பில் பாதிப்போ இருந்தால் ப்ரீ எக்லாம்சியா. 160/110ஐத் தொட்டால் உட்கார வைத்து யோசிக்கிற நேரம் போய்விட்டது. 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, அப்படியே இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயிருக்கவேண்டும். இதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கும். சுவரில் இல்லாதது, முதல் மாத எண்ணைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம். மூன்றாம் மாதம் 96/60 இருந்தவளுக்கு எட்டாம் மாதம் 132/86 என்றால், நோய் என்று யாரும் பெயர் வைக்கமாட்டார்கள். ஆனால் அவளை ஒரு மாதம் கழித்து வரச் சொல்லாதீர்கள். மூன்றாம் நாள் வரச் சொல்லுங்கள்.

கேள்வியை அவள் பாஷையில் கேளுங்கள். "தலைவலி இருக்கா, கண் மங்குதா" என்று அட்டையைப் படிக்கிற மாதிரி கேட்டால் "இல்ல சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். "மோதிரம் கழற்ற வருதா? காலையில எழுந்தா முகம் உப்பியிருக்கா? கண் முன்னாடி மின்மினி பறக்குற மாதிரி இருந்துச்சா? நெஞ்சுக்குழிக்குக் கீழ பிசையுதா?" என்று கேளுங்கள். கால் வீக்கம் எல்லாருக்கும் வரும், அதை வைத்துப் பயமுறுத்தவேண்டாம். முகமும் கையும் திடீரென்று வீங்கினால் விடாதீர்கள்.

அடுத்தது, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது. நம் ஊர் வழக்கத்தில் வளைகாப்பு ஏழாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ நடக்கிறது. முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். நல்ல வழக்கம், அம்மா கையால் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குவாள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிபி ஏறுகிற மாதங்களும் அதே மாதங்கள்தான். அவளை முதல் மாதத்திலிருந்து தெரிந்த கிராம சுகாதார செவிலியர் ஒரு ஊரில், இனிமேல் பார்க்கப்போகிறவர் வேறு ஊரில். புகுந்த வீட்டுப் பக்கத்தில் "அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். அம்மா வீட்டுப் பக்கத்தில் "நம்ம கேஸ் இல்ல, அங்க பதிவு பண்ணினது" என்பார்கள். நடுவில் மூன்று வாரமோ நாலு வாரமோ யாருமே கஃப் கட்டாமல் போய்விடும். பல நேரம் அட்டையே மாமியார் வீட்டு பீரோவில் இருக்கும்.

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஆறாம் மாதத்திலேயே "வளைகாப்பு எப்போ? அப்புறம் எங்க போவே?" என்று கேட்டு, ஊர்ப் பெயரையும் போன் நம்பரையும் அட்டையின் பின்பக்கம் எழுதிவிடுவேன். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கிற பிக்மி எண் ஒன்றுதான், எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பிபி கூடுதலாக இருக்கிறவளாக இருந்தால், அந்த ஊர் நர்ஸுக்கு நானே போன் செய்வேன். இரண்டு நிமிடப் பேச்சு. "இன்னைக்கு வர்றா, 138/88 இருக்கு, வியாழக்கிழமை பாத்துடுங்க." அவ்வளவுதான். புதிதாக உங்களிடம் வந்து சேருகிறவளுக்கோ, பழைய எண்களை நம்பாதீர்கள். முதல் தடவை வருகிறவளாக நினைத்து முதலிலிருந்து பாருங்கள். நான் அன்றைக்குச் செய்யத் தவறியது அது.

மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அது டாக்டர் எழுதுவது. லேபிடலால், நிஃபெடிபின், மீத்தைல்டோப்பா மூன்றும் கர்ப்பத்தில் கொடுக்கிறவை. நாக்பூரில் இரண்டு அரசு மருத்துவமனைகளில் இந்த மூன்றையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2019இல் வந்தது. கடுமையான பிபிக்கு மூன்றுமே வேலை செய்கிறது, வாயால் கொடுத்தாலே போதும் என்று காட்டியது. ஊசிக்கும் மானிட்டருக்கும் வழியில்லாத நம் மாதிரி இடங்களுக்கு அது பெரிய செய்தி. நர்ஸ் கவனிக்கவேண்டியவை சில. ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்காமல் லேபிடலால் கொடுக்கக் கூடாது. நிஃபெடிபினை நாக்குக்கு அடியில் வைப்பது பழைய பழக்கம், விட்டுவிடுங்கள். விழுங்கத்தான் வேண்டும், இல்லையென்றால் பிபி சடாரென்று விழுந்து குழந்தைக்கு ரத்தம் குறையும். ஏற்கெனவே பிபிக்கு எனலாப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கர்ப்பமானால், அன்றே டாக்டரிடம் சொல்லி மாற்றவேண்டும். வீட்டில் "குழந்தைக்கு ஆகாது" என்று மாத்திரையை நிறுத்துவார்கள், அல்லது பிபி சரியாகிவிட்டது என்று அவளே நிறுத்துவாள். மாத்திரை சாப்பிடுவதால்தான் சரியாக இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லவேண்டியிருக்கும். சலிக்காமல் சொல்லுங்கள். உப்பே இல்லாத சோற்றைப் போட்டு அவளைப் பட்டினி போடுகிற வீடுகளும் உண்டு. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைக்கச் சொல்லுங்கள், போதும். உப்பை அடியோடு நிறுத்தினால் ப்ரீ எக்லாம்சியா வராது என்பதற்கு ஆதாரம் இல்லை.

மெக்னீசியம் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். அந்த மருந்தைப் பார்த்தால் புதியவர்களுக்குப் பயம். எனக்கும் இருந்தது.

என் சீனியர்கள் எக்லாம்சியா அறையைப் பற்றிச் சொல்வார்கள், அந்த ஜன்னி வந்தவர்களை வைக்கிற அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, சத்தம் கூடாது, விளக்கு கூடாது. மருந்து, லிட்டிக் காக்டெய்ல். சென்னையில் டாக்டர் கிருஷ்ண மேனன் கொண்டுவந்த முறை அது. பெத்திடின், குளோர்ப்ரோமசின், ப்ரோமெத்தசின் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது. 1961இல் அவர் அதைப் பற்றி எழுதியது வெளிநாடுகளிலும் பேசப்பட்டது. அந்தக் காலத்துக்கு அது பல உயிரைக் காப்பாற்றியது. அப்புறம் 1995இல், இந்தியாவும் கலந்துகொண்ட பன்னாட்டு ஆய்வு ஒன்று வந்தது. டயஸிபாம் என்ற மருந்தோடு ஒப்பிட்டால் மெக்னீசியம் சல்ஃபேட் போட்டவர்களுக்கு மறுபடி வலிப்பு வருவது பாதிக்கு மேல் குறைந்தது. 2002இல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த மேக்பை ஆய்வு, வலிப்பு வருவதற்கு முன்பே போட்டால் வருவதே 58 சதவீதம் குறையும் என்று காட்டியது. மருந்தின் விலையோ மிகக் குறைவு. நம் அலமாரியில் எப்போதும் இருக்கவேண்டியது.

2 மில்லி ஆம்ப்யூல் ஒன்றில் 1 கிராம், 50 சதவீதம். முதல் டோஸ் மொத்தம் 14 கிராம், அதாவது 14 ஆம்ப்யூல். நாலு ஆம்ப்யூலை 12 மில்லி ஸலைனோடு சேர்த்து 20 மில்லியாக்கி நரம்பில், 5 நிமிடத்துக்குக் குறையாமல், மெதுவாக. மீதி பத்தை ஐந்து ஐந்தாக இரண்டு பக்கத்து இடுப்பிலும் ஆழமாக. வலி குறைய அதே ஊசியில் லிக்னோகெய்ன் 1 மில்லி. நரம்பில் போடத் தெம்பில்லாத இடமாக இருந்தால், இடுப்பில் போடும் 10 கிராமையாவது போட்டுவிட்டுத்தான் வண்டி ஏற்றவேண்டும். துணை மையச் செவிலியரும் அதைச் செய்யலாம் என்பதுதான் நம் நாட்டு வழிகாட்டுதல். அன்று ராத்திரி 14 ஆம்ப்யூலை உடைத்ததில் என் இரண்டு விரல் கிழிந்துவிட்டது. உடைத்த கழுத்துகளை எல்லாம் ஒரு கிட்னி டிரேயில் போடுவேன். போட்டு முடித்ததும் எண்ணுவேன். பதற்றத்தில் எத்தனை எடுத்தோம் என்பது மறந்துபோகும், டிரேயில் இருப்பது மாறாது. அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "உடம்பெல்லாம் சூடா தகதகன்னு வரும், பயப்படாதே, மருந்து அப்படித்தான்."

அப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி. பிரசவத்துக்கோ கடைசி வலிப்புக்கோ, எது பிந்தியதோ அதற்குப் பின் 24 மணி நேரம் வரை. ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் மூன்று பார்க்கவேண்டும். முழங்காலைத் தட்டினால் கால் துள்ளவேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக் கூடாது. சிறுநீர் மணிக்கு 30 மில்லி வந்திருக்கவேண்டும். முதலில் போவது முழங்கால் துள்ளல்தான், மூச்சு அதற்குப் பின்புதான் குறையும். அதனால் சுத்தியல் இல்லையென்றால் ஸ்டெத்தின் ஓரத்தால் தட்டிப் பாருங்கள், தட்டாமல் மட்டும் போடாதீர்கள். மெக்னீசியம் அதிகமாகிவிட்டால் மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட், 10 மில்லி, மெதுவாக நரம்பில். அதை ஊசியோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு அவள் கட்டிலிலேயே பிளாஸ்டரால் ஒட்டிவைப்பேன். தேவைப்பட்டது மிகச் சில தடவைதான். ஆனால் அது அங்கே இருந்தால் எனக்குத் தைரியம்.

பிரசவ டிரேயில் ஒன்று. பிபி உள்ளவளின் டிரேயிலிருந்து, ரத்தப்போக்கை நிறுத்தப் போடுகிற மெத்தர்ஜினை எடுத்துவிடுங்கள். ரத்தப்போக்கு வந்தால் பழக்கத்தில் கை அதற்குத்தான் போகும். பிபி இருக்கிறவளுக்கு அதைப் போட்டால் மூளையில் ரத்தம் கசிகிற அளவுக்கு ஏறிவிடலாம். ஆக்சிடோசின் போதும்.

குழந்தை பிறந்துவிட்டால் எல்லோரும் குழந்தைப் பக்கம் திரும்பிவிடுகிறோம். பிபி மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் திரும்ப ஏறும். அப்போது அவள் வீட்டில் இருப்பாள். தலைவலி என்றால் "பச்ச உடம்பு, தலைக்கு ஊத்தினது சேரல" என்று மிளகுக் கஷாயம் வைப்பார்கள், அல்லது பால் கட்டியிருக்கும் என்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, பாட்டிக்குத் தெரிந்த காரணங்கள் அவை. பிரசவத்தின்போது பிபி இருந்தவளை டிஸ்சார்ஜ் செய்யும்போது நான் அவளைவிட அந்தப் பாட்டியிடம்தான் பேசுவேன். "ஆச்சி, தலைவலின்னாலோ கண்ணு மங்குதுன்னாலோ கஷாயத்துக்கு முன்னாடி எங்ககிட்ட கூட்டிட்டு வாங்க. வந்து ஒண்ணுமில்லேன்னா அப்புறம் கஷாயம் வையுங்க." பாட்டியின் கஷாயத்தை மறுக்காமல் சொன்னால் கட்டாயம் கூட்டிவருவார்கள். பிறந்து சில வாரம் கழித்தும் ஜன்னி வந்தவர்கள் உண்டு. ஆறு வாரம் கழித்தும் பிபி இறங்கவில்லையென்றால் அவளைத் தொற்றா நோய்ப் பிரிவில் சேர்த்துவிடுங்கள். ப்ரீ எக்லாம்சியா வந்தவர்களுக்குப் பின்னாளில் ரத்தக் கொதிப்பும் மாரடைப்பும் பக்கவாதமும் வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. பட்டியலில் அவள் பெயர் ஏறவேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பெண் இரண்டரை வருடம் கழித்து மறுபடி வந்தாள். இரண்டாவது கர்ப்பம், ஒன்பது வாரம். பழைய அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்திருந்தாள், என் 110/70ஓடு. நான் அவளிடம் சொன்னேன், அன்றைக்கு நான் சரியாகப் பார்க்காமல் எழுதினேன் என்று. அவள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இந்த தடவ நீங்களே பாருங்க சிஸ்டர்" என்றாள்.

12ஆவது வாரத்தில் டாக்டர் ஆஸ்பிரின் 75 எழுதினார், முன்பு ப்ரீ எக்லாம்சியா வந்தவர்களுக்குக் கொடுப்பது. கால்சியமும் இரும்புச்சத்தும் சேர்த்து விழுங்காமல் காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று பிரித்துக் கொடுத்தோம். இரண்டாவது பிள்ளைக்கு வளைகாப்பு இல்லை, கையில் இரண்டே வளையல். ஒவ்வொரு செவ்வாயும் உட்கார்ந்ததும் அதையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கையை மேசைமேல் நீட்டிவிட்டு, வாயை மூடிக்கொள்வாள். 33ஆவது வாரம் 136/88 வந்தது. 136/88 என்றே எழுதினேன். வெள்ளிக்கிழமை திரும்ப வந்தபோது 142/92. அன்று மத்தியானமே டாக்டர் பார்த்து, மாத்திரை ஆரம்பித்து, வாரம் இரண்டு தடவை வரச் சொன்னார். 37ஆவது வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம். பெண் குழந்தை, 2 கிலோ 400.

அன்புடன்,
உங்கள் மூத்த சகோதரி,
ஒரு பிரசவ வார்டு செவிலியர்